நாலாவது குரல்

சிங்கப்பூர்
பிப்ரவரி 2, 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி பிராங்க்ளின் எழுதுவது. நான் சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? நவம்பர் புயலில் உப்பளத்தில் நின்ற தண்ணீர் வடிந்துவிட்டதா?

போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். கப்பலில் லைன் சரியில்லை, பேசினால் பாதிதான் வந்து சேருகிறது. அதோடு இந்தக் கடிதத்துடன் ஒரு பொருளும் வருகிறது. எங்கள் கப்பலில் வேலை முடிந்து இறங்குகிற கடலூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து தருவார். அவரை வெறும் வாயோடு அனுப்பிவிடாதீர்கள்.

பொருள், என் வீடியோ கேம் கேசட். இஞ்சின் ரூம் வேலை முடிந்து கேபினுக்கு வந்தால் நான் அதைக் கையடக்க கேம் பொட்டியில் செருகி, பொட்டி போடுகிற சத்தத்தை வைத்தே பாட்டுக் கட்டிக்கொண்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணமான ஆம்பளை பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று கேலி செய்வீர்கள். இந்த ஒரு தடவை கேலி செய்யாமல் கேளுங்கள். பெல்ஜியத்தில் மூன்று பேர் சேர்ந்து போனில் ஆடுகிற ஒரு கேம் தயாரிக்கிறார்கள், பழைய பொட்டி கேம் மாதிரியே. பல வருஷம் முன்னால் நான் இணையத்தில் போட்டிருந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, கேம் முழுவதற்கும் என்னையே பாட்டுப் போடச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்துவிட்டால் அடுத்த கேமும் எனக்குத்தான். அப்படி நடந்தால் இந்தக் கப்பலே கடைசி, கரைக்கு வந்துவிடுவேன். வீட்டில் ஜெனிதாவிடம் சொல்ல வேண்டாம். ஆசை காட்டி ஏமாற்றின மாதிரி ஆகிவிடும்.

பாட்டுகளை கேசட்டிலிருந்து வெளியே எடுத்து, எது தூக்கல் எது கம்மி என்று பார்த்துக் கலந்து, எந்தப் போனில் போட்டாலும் கேட்கும்படி சீர்செய்து அனுப்ப வேண்டும். மிக்சிங், மாஸ்டரிங் என்பார்கள். இங்கே அதற்கு வழியில்லை, இஞ்சின் உறுமல் கேபின் சுவரிலேயே இருக்கிறது. என் வீட்டு அலமாரியில் இன்னொரு பொட்டி இருக்கிறது. அதில் கேசட்டைப் போட்டு முதலில் நீங்கள் கேளுங்கள். முகத்துக்காகப் பேசத் தெரியாத ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். ஜூன் கடைசிக்குள் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

பதிலைப் பின்னால் எழுதியிருக்கும் ஏஜெண்ட் முகவரிக்கு அனுப்புங்கள்.

அன்புத் தம்பி,
பிராங்க்ளின்


மரக்காணம்
பிப்ரவரி 24, 2025

தம்பி பிராங்க்ளினுக்கு,

பாஸ்கல் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அண்ணி மாடிப்படி ஏறும்போது என்னைத் திட்டுகிறாள், இறங்கும்போது டாக்டரைத் திட்டுகிறாள். புயல் தண்ணீர் வடிந்தது, சேறு வடியவில்லை. பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த ஆள் இல்லை. மாசி பிறந்தும் அளத்தில் வெள்ளை தெரியவில்லை. வாங்கி விற்கிறவன் நான், விளையாததை எங்கே போய் வாங்குவேன்? காலையில் எழுந்து கடையைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது.

கடலூர்க்காரருக்கு வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு போட்டோம். இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினார். நல்ல மனிதர்.

இனி உன் பாட்டு. பொட்டியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டேன், கொசு பாடுகிற மாதிரி இருந்தது. சரக்கைக் கடைவீதியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று, லூர்து மாதா திருநாளுக்குக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் போட்டேன். திருநாள் முடிந்து மைக் செட் பஞ்சநாதன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கெஞ்சிக் கேட்டுப் பொட்டியை மாட்ட வைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: பாட்டில் பாட்டையே காணோம். அடியில் ஏதோ உறுமுகிறது, மேலே சரக் சரக் என்று ஒரு சத்தம். நடுவில் யாரும் பாடவில்லை.

பஞ்சநாதன் காதைத் தேய்த்துக்கொண்டு, "ஏம்பா பாஸ்கலு, மாவு மிஷின் மோட்டார ரெக்கார்ட் பண்ணி அனுப்பிட்டானா உன் தம்பி?" என்றார். பங்குச்சாமியார் வாசலில் நின்று கடைசிவரை கேட்டார். நல்லாயிருக்கு, முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் முகத்துக்காகப் பேசுகிறவர்.

இதை வைத்துக்கொண்டு பெல்ஜியத்துக்காரன் என்ன செய்வான் என்று எனக்குப் புரியவில்லை. புரியும்படி எழுது.

பாஸ்கல்


டர்பன்
மார்ச் 20, 2025

அன்புள்ள அண்ணே,

நான் சுகம். உங்கள் கடிதம் படித்து நெடுநாளைக்குப் பிறகு சிரித்தேன். இஞ்சின் ரூமில் சூடு தாங்கவில்லை. ஷிப்ட் முடிந்தால் படுக்கிறேன், தூக்கம் வருவதில்லை. மற்றபடி ஒன்றுமில்லை.

தப்பு பஞ்சநாதன் அண்ணன் பேரில். என் பொட்டிக்கு மொத்தமே நாலு குரல்தான். இரண்டு பாடும். மூன்றாவது அடியில் தாங்கும். நாலாவது வெறும் இரைச்சல், மழை மாதிரி. அந்த இரைச்சலை நறுக்கி நறுக்கித்தான் டிரம் செய்ய வேண்டும். ஒவ்வொரு குரலையும் இடது பக்கம், வலது பக்கம், இரண்டு பக்கமும் என்று மூன்று விதமாகத்தான் நிறுத்தலாம், நடுத்தரம் கிடையாது. பாடுகிற இரண்டையும் இடது பக்கம் நிறுத்தியிருந்தேன். அவர் குழாய்க்கு வலது ஒயரை மட்டும் கொடுத்திருக்கிறார். பாடகனை வெளியே நிற்க வைத்துவிட்டுக் கச்சேரி கேட்டிருக்கிறீர்கள்.

ஆனாலும் நல்லதுதான். ஒற்றை ஸ்பீக்கர் போனில் போட்டாலும் இதே கதி ஆகலாம், கலக்கும்போது பாடகனை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பொம்மையார்பாளையம் ஜெயப்ரியா என்று ஒரு பெண், ஆரோவில் பக்கம் ஒரு சின்ன ரெக்கார்டிங் ரூமில் வேலை செய்கிறார். போன லீவில் பார்த்துப் பேசியிருக்கிறேன். பொட்டியையும் கேசட்டையும் அவரிடம் கொண்டுபோங்கள். மூன்று குரலை அடைத்துவிட்டு ஒரு குரலை மட்டும் ஓடவிட்டு, நாலையும் தனித்தனியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகுதான் கலக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

ஒன்று மட்டும். நாலாவது குரலை நான் வைத்த அளவிலேயே விடச் சொல்லுங்கள். அதில் கை வைக்க வேண்டாம்.

ஜெனிதாவுக்குப் போன் பண்ணினால் சரியாகப் பேச முடிவதில்லை. லைன்தான். வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிராங்க்ளின்


மரக்காணம்
ஏப்ரல் 17, 2025, பெரிய வியாழன்

தம்பிக்கு,

பாஸ்கல் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம், தவக்காலத்து மீன் குழம்பில் உடம்பு ஓடுகிறது. அண்ணி விசாரித்தாள். உப்பு இப்போதுதான் தலைகாட்டுகிறது. பழுப்பாக இருக்கிறது, வெளியூர்ப் பார்ட்டி முகம் சுளிக்கிறான்.

ஜெயப்ரியாவைப் போய்ப் பார்த்தேன். கெட்டிக்காரி, வாயும் கெட்டி. பொட்டியைத் திறந்தால் பேட்டரிக் கம்பியெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. "உப்பு யாவாரி வூட்டுப் பொட்டின்னு எழுதி ஒட்டியே இருக்குதுண்ணே" என்று சொல்லிக்கொண்டே வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தாள். சத்தம் வைக்கிற சக்கரத்தைத் திருப்பினால் கரகரவென்றது, அதையும் துடைத்தாள். பிறகு நீ சொன்னபடி ஒவ்வொரு குரலாகப் பிடித்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினாள்.

முதல் இரண்டு குரலையும் கேட்டேன். பிராங்க்ளின், எனக்குப் பாட்டு தெரியாது. இருந்தாலும் அந்த இரண்டாவது பாட்டில் ஒருவன் கேட்க ஒருவன் பதில் சொல்கிற மாதிரி வருகிறதே, அது நன்றாக இருந்தது. மூன்றாவதும் நல்ல குரல், ஆனால் போனில் போட்டால் காணாமல் போகிறது. சின்ன ஸ்பீக்கருக்கு அடிச்சத்தம் வராதாம். அவள் அதில் கொஞ்சம் கரகரப்பு சேர்த்தாள், உடனே போனிலும் தெரிந்தது. இதெல்லாம் வேலை.

நாலாவதை ஓடவிட்டதும் அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். கண்ணாடியில் ஆணியால் கிழிக்கிற சத்தம். "அண்ணே, உங்க தம்பி இத எதுல கேட்டுட்டுப் போட்டாரு?" என்றாள். கப்பலில் என்றேன். அதே கேசட்டில் உன் பழைய பாட்டும் இருக்கிறதல்லவா, பெல்ஜியத்துக்காரர்களுக்குப் பிடித்தது, அதையும் போட்டுக் காட்டினாள். அதில் டிரம் அளவாக, பின்னால் நின்று அடிக்கிறது. புதிதில் எல்லாப் பாட்டிலும் உச்சத்தில் நிற்கிறது. தெரியாமல் ஒன்றிரண்டில் வைத்தது இல்லை இது, எல்லாவற்றிலும் பார்த்து வைத்தது என்றாள்.

உன் பேச்சைத் தட்டாமல், நீ வைத்த அளவிலேயே ஒரு பாட்டைக் கலந்து வாங்கிவந்து லாரியில் போட்டேன். டிரைவர் கலியன் திண்டிவனம் ரோட்டில் ஓரங்கட்டி இறங்கிவிட்டான். என்னடா என்றால், "பிரேக் லைனிங் தேஞ்சு போச்சுண்ணே, சத்தம் கேக்கல?" என்கிறான். உன் டிரம்தான் அது.

உடம்பு சரியாக இருக்கிறாயா? காதில் சளி, அடைப்பு ஏதாவது உண்டா? பதில் எழுது. பாஸ்கா திருநாள் வாழ்த்து.

பாஸ்கல்


புஜைரா
மே 12, 2025

அண்ணே,

கடிதம் கிடைத்தது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரெக்கார்டிங் ரூம் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். லாரியில் இஞ்சின் சத்தத்தோடு கேட்டால் எதுவும் கோணலாகத்தான் தெரியும். ஜெயப்ரியா திறமைசாலிதான், ஆனால் இந்தப் பொட்டியின் சத்தத்துக்கு அவர் காது பழகவில்லை. நாலாவது கேட்காவிட்டால் பாட்டுக்கு நடையே இல்லை. நான் வைத்தபடியே இருக்கட்டும்.

இங்கே வேலை அதிகம். கடிதங்கள் கப்பல் ஆபீஸில் பிரித்து அடுக்கி, பலர் கை மாறித்தான் வருகின்றன. சுருக்கமாக எழுதுங்கள்.

பிராங்க்ளின்


மரக்காணம்
ஜூன் 3, 2025

தம்பி பிராங்க்ளின்,

சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் போன கடிதத்தில் நீ அதைச் சொல்லவில்லை. கப்பலேறிய நாளிலிருந்து ‘நான் சுகம்’ இல்லாமல் உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம் அது. நான் கேட்ட கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

இங்கே எல்லாரும் நலம். கத்திரி வெயிலில் உப்பு நன்றாக இறங்கிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு மழை பெய்து பாதியைக் கரைத்துவிட்டது. பலராமன் பிரம்மதேசத்திலிருந்து வந்து அளத்து வரப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அது அவர் குத்தகைக்கு எடுத்த அளம். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்வது?

நான் சரக்குப் பார்க்கிற விதம் உனக்குத் தெரியும். மூட்டையின் வாயில் எடுத்துப் பார்த்து நம்ப மாட்டேன். நடுவில் ஒரு கை, அடியில் ஒரு கை. உன் பாட்டையும் அப்படித்தான் பார்த்தேன். ஜெயப்ரியா ரூம் ஒன்று, லாரி ஒன்று. பிறகு அண்ணியின் போனில் போட்டேன், அவள் முந்தானையால் காதை மூடினாள். மூன்று கையும் ஒரே நிறம். சரக்கு அப்படித்தான் என்று அர்த்தம், இடம் காரணமில்லை.

அதற்குப் பிறகு ஜெனிதாவைப் பார்த்துவரப் போனேன். போகிற போக்கில் உன் போன லீவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாமா, குக்கர் பக்கத்துலயேதான் அவரு உக்காந்திருந்தாரு. அது பாட்டுக்கு விசிலடிச்சுக்கிட்டே இருக்குது. நான் தோட்டத்துலருந்து ஓடியாந்து அணைச்சேன். பாட்டு நெனப்புல இருக்காருன்னு விட்டுட்டேன்."

சொல்லி முடித்துவிட்டு, ஏன் கேட்கிறீர்கள் என்றாள். சும்மா என்றேன். நம்பவில்லை.

கடிதம் பலர் கை மாறுகிறது என்று எழுதினாய், புரிந்துகொண்டேன். உன் கப்பல் உத்தியோகம் எதனால் போகும் எதனால் நிற்கும் என்றும் தெரியும். அதனால் நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

இதோடு ஒரு மெமரி கார்டு வருகிறது. எல்லாப் பாட்டும் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று நீ வைத்தபடி. இன்னொன்றில் நாலாவதை மற்றவர்கள் காது கேட்கிற அளவுக்கு இறக்கியிருக்கிறது. பாடகனை நடுவில் நிறுத்தி, எல்லாப் பாட்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள் ஜெயப்ரியா, மூட்டைகளை ஒரே எடைக்குப் பிடிக்கிற மாதிரி. கேட்டுப் பார்.

நம் உப்பு வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பிள் பொட்டலம் அனுப்புவோம். பிடிக்கவில்லை என்றால் பார்ட்டி உடனே ஆள் விடுவான். தவணைக்குள் பேச்சில்லை என்றால் சம்மதம், லாரியை ஏற்றிவிடலாம். பிறகு இரண்டு பக்கமும் வாய் திறக்கக்கூடாது. இதற்கும் அதே வழக்கம்தான். ஜூன் கடைசிவரை பார்ப்பேன்.

அண்ணன்,
பாஸ்கல்


மரக்காணம்
ஜூலை 4, 2025

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் அப்படியே.

உன் ஏஜெண்டிடம் விசாரித்தேன். கார்டு உன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். பதில் இல்லை. ஜூன் முப்பது சாயங்காலம்வரை பார்த்துவிட்டு, ஜெயப்ரியாவை விட்டு இறக்கின மிக்ஸை பெல்ஜியத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். உன் பேரில்தான். லாரி போய்விட்டது.

திட்டுவதென்றால் திட்டு.

பாஸ்கல்


மரக்காணம்
ஆகஸ்ட் 19, 2025

பிராங்க்ளின்,

உன்னிடமிருந்து தபாலே இல்லை. நலம்தானே? வெள்ளிக்கிழமை பரலோக மாதா திருநாள். அண்ணி உன் பேருக்குத் திருப்பலி கொடுத்தாள். முழங்காலோடு முட்டி போட்டாள், சொன்னால் கேட்பதில்லை.

பெல்ஜியத்திலிருந்து ஜெயப்ரியாவுக்கு எழுதியிருக்கிறார்கள், உனக்கும் வந்திருக்கும். அப்படியே எடுத்துக்கொண்டார்கள், ஒரு திருத்தம்கூட இல்லை. அடுத்த கேமுக்கும் நீதான் என்று எழுதியிருக்கிறார்கள். டிரம் எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று தனியாக ஒரு வரி. அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு அவள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம் இது. எனக்குப் பேனா ஓடவில்லை. ஒரு வரி எழுது.

பாஸ்கல்


கொழும்பு
செப்டம்பர் 22, 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமில்லை. நீங்கள் அனைவரும் சுகம்தானே.

இதை நானே கரையில் இறங்கித் தபாலாபீஸில் போடுகிறேன். இடையில் யார் கையும் இல்லை, அதனால் எழுதலாம்.

கார்டு ஜூனிலேயே கிடைத்தது. முதலில் நீங்கள் இறக்கினதைத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, திட்டி எழுதப் பேப்பர் எடுத்தேன். ஏன் தெரியுமா? டிரம்மை எடுத்தே விட்டீர்கள் என்று நினைத்தேன். மூன்று குரல்தான் இருந்தது. சத்தத்தை முழுசாக வைத்தும் கேட்டேன், இல்லை. என் பாட்டை வெட்டிவிட்டு அண்ணன் வியாபாரி புத்தியைக் காட்டிவிட்டார் என்றுகூட எழுதத் தொடங்கினேன், இரண்டு வரி.

சமையல்காரர் ரொசாரியோ, கோவாக்காரர், அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, இதில் டிரம் இருக்கிறதா பாருங்கள் என்றேன். மாவுக் கையால் ஒரு கரண்டியை எடுத்துப் பாத்திர விளிம்பில் தட்ட ஆரம்பித்தார். நான் எழுதின டிரம் எனக்கு மனப்பாடம், அண்ணே. அவர் கரண்டி விழுந்த இடமெல்லாம் நான் எழுதின இடம். ஒன்றுகூடத் தப்பவில்லை. பாட்டு முடிகிறவரை அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த இரண்டு வரியைக் கிழித்துப் போட்டேன். வேறு எதுவும் எழுத வரவில்லை. நான் பேசாதிருந்தால் நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிந்தேதான் பேசாதிருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷ இஞ்சின் ரூம். மேல்சத்தம் எல்லாம் போய்விட்டது. கீழ்ச்சத்தம் கேட்கிறது, ஆண் குரல் கேட்கிறது. ஜெனிதா பேசினால் போனில் பாதி கேட்பதில்லை, அதனால் லைன் என்று சொன்னேன். போன மெடிக்கலில் காது டெஸ்ட் எடுத்தவர் முகத்தைப் பார்த்தே கையைத் தூக்கித் தப்பித்தேன். அவர் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் புருவத்தைத் தூக்குவார். அடுத்த தடவை அவர் இருப்பார் என்று என்ன நிச்சயம்? அக்டோபர் கடைசியில் இந்தக் காண்ட்ராக்ட் முடிகிறது. மறுபடி ஏற முடியாது.

பெல்ஜியத்துக்கு முடியாது என்று எழுதலாம் என்றிருக்கிறேன். இல்லாவிட்டால் மூன்று குரலை மட்டும் எழுதிவிட்டு நாலாவதைக் காலியாக விடுகிறேன், யாரையாவது வைத்து நிரப்பிக்கொள்ளட்டும். கேட்காத டிரம்மை எழுதுகிறவனை யாராவது பாட்டுக்காரன் என்பார்களா? நிதானமாக இருக்கிறதாம். அந்த நிதானம் உங்களுடையது.

ஜெனிதாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி.

தம்பி,
பிராங்க்ளின்


மரக்காணம்
அக்டோபர் 6, 2025

அன்புத் தம்பி பிராங்க்ளினுக்கு,

அண்ணன் எழுதுவது. சுகமில்லை என்று எழுதினாயே, அதற்கு நன்றி. இங்கே அண்ணியின் முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் அழுதாள். நான் கடைக்குப் போய்விட்டேன்.

அளத்தில் வேலை முடிந்தது. குவியலுக்கெல்லாம் தார்ப்பாய் போட்டுக் கட்டியாயிற்று. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு நிற்கிறது. இந்த வருஷம் ஓடின ஓட்டத்துக்குக் கையில் நின்றது அலுப்புதான். அது கிடக்கட்டும்.

ஜெனிதாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லலாம் என்று போனேன், அவளே முந்திக்கொண்டாள். குக்கர் அன்றைக்கே தெரிந்துகொண்டாளாம், பாட்டு நினைப்பு என்று என்னிடம் சொன்னது மறைக்கத்தானாம். "அவரே வந்து சொல்லட்டும் மாமா. நான் தெரியாத மாதிரியே இருக்கேன்" என்றாள். ஆகவே நீ வந்து சொல். எதிரில் உட்கார்ந்து, அவள் வாயைப் பார்த்துப் பேசு. புதுச்சேரியில் காது டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், மிஷின் வைத்தால் கொஞ்சம் கூடவும் கேட்கலாம் என்றார். ஆசை வார்த்தை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெல்ஜியத்துக்கு முடியாது என்று எழுதாதே. நாலாவதைக் காலியாக விட்டு அனுப்பாதே. அனுப்பினால் உன் கேசட்டைத் திருப்பி உன் வீட்டிலேயே கொண்டுவந்து போடுவேன். அந்த நிதானம் என்னுடையது என்று எழுதியிருக்கிறாய், படித்ததும் கோபம் வந்தது. நான் செய்தது சத்தத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். ஓர் அடியை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. எங்கே விழ வேண்டும் என்பது உன் கணக்கு. அது காதில் இருந்திருந்தால் காதோடு போயிருக்க வேண்டாமா? இந்தப் பாட்டெல்லாம் காது போன பிறகு கட்டினதுதானே. ஜெயப்ரியாவிடம் கேட்டேன். "அவரு எழுதட்டும்ணே. எங்க தூக்கலாப் போகுதுன்னு பாக்கறது என் வேலை. அதுக்குத்தான எல்லாரும் என்கிட்ட வர்றாங்க?" என்றாள். அவளிடம் வருகிறவர்கள் எல்லாம் நல்ல காது உள்ளவர்கள்தானாம்.

தப்பான இடத்தில் விழுந்தால் நான் சொல்வேன். கூச்சப்பட மாட்டேன், உனக்குத் தெரியும்.

உன் டிரம் எப்படி இருக்கிறது என்று இதுவரை யாரும் உனக்குச் சொல்லவில்லை. பெல்ஜியத்துக்காரன் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டான். நேற்று ஜெயப்ரியா ரூமில் உட்கார்ந்து இதற்காகவே திரும்பக் கேட்டேன். எழுதுகிறேன், பாட்டைப் போட்டுக்கொண்டு படி.

முதல் பாட்டு. ஆரம்பத்தில் டிரம் இல்லை. பாடுகிறவன் ஒரு சுற்று தனியாகப் போய் வருகிறான். இரண்டாம் சுற்றில் வருகிறது. ஈரத் தரையில் உப்பு வாரும் பலகை உரசுகிற சத்தம், ஆனால் நீளமாக இல்லை, சட்டென்று வெட்டி வெட்டி. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அங்கே மூச்சு விடலாம். அடிக்குரல் கீழே இறங்குகிற இடத்தில் இரண்டு அடி சேர்ந்து விழுகிறது. இறக்கினதை லாரியில் போட்டபோது கலியன் அங்கே தலையாட்டினான், அவனுக்கே தெரியாமல். நடுவில் பாடகர்கள் இருவரும் மோதிக்கொள்கிற இடத்தில் டிரம் ஒதுங்கிக்கொள்கிறது, சண்டை முடிந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வருகிறது. அந்த இடம் எனக்குப் பிடித்தது.

கடைசியில் முதலாமவன் நிற்கிறான், இரண்டாமவன் நிற்கிறான், அடிக்குரலும் நின்றுவிடுகிறது. உனக்கு அங்கே பாட்டு முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். முடியவில்லை. டிரம் மட்டும் தனியாக இன்னும் கொஞ்ச தூரம் போகிறது. நிறுத்திவிடாதே.

இரண்டாவது பாட்டை நாளைக்கு எழுதுகிறேன்.

அண்ணன்,
பாஸ்கல்